விபத்துப் பதிவேட்டில் ஏறாத மரணங்கள்

அரசு மருத்துவமனை ஒன்றின் ஆவணப் பிரிவில் பணியாற்றிய காலத்தில், விபத்துப் பதிவேட்டை நாங்கள் ‘ஏ.ஆர்.’ என்றே குறிப்பிடுவோம். காயம் எப்படி நேர்ந்தது, அழைத்து வந்தவர் யார் என்று பணி மருத்துவர் எழுதும் நான்கைந்து வரிகள்தான் அதில் இருக்கும். காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அவ்வரிகளே முதல் சான்று. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் இரு சக்கர வாகனமே முன்னால் நிற்கும்.

நாட்டின் கணக்கும் அதுவே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022இல் விபத்துகளில் இறந்த 4,30,504 பேரில் 1,71,100 பேர் சாலையில் இறந்தவர்கள். நீரில் மூழ்கியவர்கள் 38,503 பேர். மூழ்கியவர்களின் பெயர் எங்கள் ஏ.ஆரில் அரிதாகவே இருக்கும், ஏனெனில் அவர்களில் பலர் நேராகப் பிணவறைக்கே வந்து சேர்ந்தார்கள்.

சாலை மரணம் விடுபடாமல் பதிவாவதற்கு ஒரு காரணம் உண்டு. இழப்பீட்டு வழக்குக்கு ஏ.ஆர். நகலும் முதல் தகவல் அறிக்கையும் தேவை என்பதால், உறவினர்களே அவற்றுக்காக நடையாய் நடப்பார்கள். பாம்புக்கடியில் அப்படி நடந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டால், பிரேதப் பரிசோதனைக்கு அஞ்சி வண்டியை ஊருக்கே திருப்பிவிடுவோரும் உண்டு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர், இறந்திருக்கலாம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வீடு வீடாகச் சென்று இறப்புக்கான சூழலை விசாரித்ததால் கிடைத்த எண் அது. பதிவேடுகளை மட்டும் நம்பியிருந்தால் கிடைத்திருக்காது.

இவற்றைவிட எளிதில் மறைந்துபோவது, கீழே விழுந்து நேரும் மரணம். உலக அளவில் விபத்து மரணங்களில் சாலைக்கு அடுத்த இடம் அதற்குத்தான். ஆண்டுக்கு 6,84,000 பேர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு மூதாட்டி, படுத்த படுக்கையாகி மூன்றாம் வாரத்தில் நிமோனியாவில் இறந்தார். இறப்பின் அடிப்படைக் காரணம் எதுவோ அதற்கே, புள்ளிவிவரத்தில் சேரும் குறியீட்டை இட வேண்டும் என்பது விதி; ஆனால் மூதாட்டி விழுந்ததை மருத்துவர் இறப்புச் சான்றில் குறிப்பிடவில்லை, மேசையில் குவிந்திருந்த கோப்புகளுக்கிடையே நானும் ஏ.ஆரைத் தேடி எடுத்துப் பார்க்கவில்லை. நிமோனியாவுக்குரிய குறியீட்டை இட்டு, அடுத்த கோப்பைப் பிரித்தேன்.