இருபுறமும் அலைக்கோடு இருந்தால் கிராக் ஆகிவிடாது

கடிதங்களுக்குத் தபால் சீல் அடிக்கும் கிராக் இயந்திரத்தின் சீல் விழுந்தது என்று ஆறு வாரங்களாக நான் சாதித்துவந்த பழைய கடித உறை, கிராக் அல்ல என்பது சென்ற ஞாயிற்றுக்கிழமை உறுதியாகிவிட்டது. பிழை என்னுடையது என்றாலும், அதைக் கண்டுபிடித்த விதம் எழுதிவைக்கத் தக்கது.

உறை இலண்டனிலிருந்து மட்டக்களப்புக்கு வந்தது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் ஒன்றரைப் பென்ஸ் பழுப்பு முத்திரை ஒட்டியது. 1978 நவம்பர் சூறாவளியில் கூரை பறந்த ஒரு வீட்டின் தகரப் பெட்டிக்குள் நனைந்து காய்ந்ததால், சீலில் ஆண்டு இலக்கங்கள் அப்பிப்போயிருக்கின்றன. பின்மடல் கிழிந்தபோது மட்டக்களப்பு வரவுச் சீலும் அதோடு போய்விட்டது. கட்டணத்தை வைத்தும் ஆண்டைப் பற்றி முடிவுக்கு வர இயலவில்லை; ஏனெனில் பேரரசு நாடுகளுக்கான கடிதக் கட்டணம் 1918 யூனில் ஒன்றரைப் பென்ஸாகி, 1920 யூனில் இரண்டு பென்ஸாக உயர்ந்து, 1922 மே இறுதியில் மீண்டும் ஒன்றரைக்கு இறங்கியது.

முத்திரையின் மேல் அலைக்கோடுகள், அதற்கு இடப்புறம் வட்டச் சீல், அதற்கும் இடப்புறம் மீண்டும் அலைக்கோடுகள், முகவரியின் மேல் மங்கலாக இன்னொரு வட்டத்தின் கால்பகுதி. நோர்வேயின் கிராக் இயந்திரம் உறை நெடுகிலும் இடைவிடாது அச்சிட்டுக்கொண்டே போகும் என்பதும், அமெரிக்காவின் யூனிவர்சல் இயந்திரம் ஒரு கடிதத்துக்கு ஒருமுறை மட்டுமே அடிக்கும் என்பதும் நமக்குத் தெரிந்தவையே. ஆகவே கிராக் என்று பெருமையோடு அல்பத்தில் எழுதியும் வைத்துவிட்டேன்.

வழக்கமாக நான் நம்புவது வலது விளிம்பிலிருந்து கோடுகள் தொடங்கும் தூரத்தை. யூனிவர்சலில் உறையின் முன்விளிம்பே அச்சை இயக்குவதால், உறை வழுக்காதவரை அந்தத் தூரம் ஏறத்தாழ மாறாது. கிராக்கில் எங்கு வேண்டுமானாலும் விழும். ஆனால் கடிதத்தைப் பிரித்தவர் வலது விளிம்பையே கத்தரித்திருக்கிறார். எனவே ஒளிபுகும் தாளில் மில்லிமீற்றர்க் கட்டங்களை அச்சிட்டு, உறைமீது வைத்து, வட்டத்துக்கும் கோடுகளுக்கும் இடையிலான தூரத்தை அளக்க முற்பட்டேன். அச்சுக் கடையில் பக்க அளவுக்குப் பொருந்தும்படி சுருக்கி அச்சிட்டுவிட்டார்கள் என்பதைச் சாதாரண அடிமட்டத்தோடு ஒப்பிட்டபோதுதான் உணர்ந்தேன். இரண்டு வார அளவீடுகளும் குப்பைக்குப் போயின. கட்டத்தாள் அச்சிடுபவர்கள் முதலில் அதையே அளந்து பாருங்கள்.

விடையைக் காட்டியவர் ஏறாவூரிலுள்ள ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். அவர் கட்டத்தாளைத் தொடவே இல்லை. லூப் எனும் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி, இடப்புறக் கோடுகளின் முனையை மட்டும் பார்த்துவிட்டு, “தம்பி, இது வட்டத்துக்கு மேல ஏறி நிக்குதே” என்றார். உண்மைதான், இரண்டாவது தொகுதிக் கோடுகள் முதல் வட்டத்தின் விளிம்பை இரண்டு மில்லிமீற்றர் அளவுக்கு மூடியிருந்தன. கிராக்கில் போல ஒரே உருளையில் பக்கம் பக்கமாகப் பொருத்திய அச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற வழியே இல்லை. வீட்டுக்கு வந்து புதிய கட்டத்தாளை வைத்தபோது, இரண்டாவது தொகுதி ஒன்றரை மில்லிமீற்றர் தாழ்ந்தும் சற்றே சரிந்தும் இருப்பது தெரிந்தது. யூனிவர்சலில் இரண்டு தடவை செலுத்தப்பட்ட கடிதம் அது. இரண்டாவது தடவை வழுக்கியிருக்கிறது.

அல்பத்தில் எழுதியதை அடித்துத் திருத்தியாயிற்று. அந்தப் பக்கத்தின் பீவீசீ பிளாஸ்டிக் உறைகளும் ஒட்டத் தொடங்கியிருப்பதால், கொழும்பிலிருந்து அமிலமற்ற தாள் தருவிக்கச் சொல்லியிருக்கிறேன்; வாவிக் காற்றும் இராமபாணப் பூச்சியும் சேர்ந்தால் இங்கே எந்தத் தாளும் நிலைப்பதில்லை. ஆண்டு இலக்கத்தை ஸ்கேனரில் நிறம் பிரித்துப் பார்க்கும் வேலை இன்னும் பாக்கி. ஆனால் அதற்கிடையில், பிரெஞ்சு இயேசு சபைக் குருமார் இங்கு பணியாற்றிய காலத்து உறைகள் நான்கு கைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஒரே மாதிரியான இரண்டு வட்டங்கள் அருகருகே விழுந்திருக்கின்றன. 1884 முதல் பிரான்ஸில் புழங்கிய டகேன் எனும் சீல் இயந்திரத்தின் அடியாக இருக்கலாம். இந்த முறை அல்பத்தில் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்.