15-0: பந்தைப் பார்க்காமல் பார்த்த ஒரு சீசன்

2023 ஆகஸ்டில் முதுகலைப் படிப்புக்காக மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வந்து இறங்கியபோது அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அதைப் பெரும்பாலும் காலால் ஆடமாட்டார்கள். அந்த ஊருக்கும் அந்த ஆட்டத்துக்கும் என்ன உறவு என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஜனவரி எட்டாம் தேதி ராத்திரி மைனஸ் குளிரில் நடுத்தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். நடுவில் என்ன நடந்தது என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது, ஏனென்றால் இதே மாதிரி ஒன்றும் தெரியாமல் போய்ச் சேரும் பிள்ளைகள் வருஷா வருஷம் இருக்கிறார்கள்.

வீட்டில் என்னோடு தங்கியிருந்தவர் ஆறாவது வருட பிஎச்டி மாணவர், கோயம்புத்தூர்க்காரர். வயதில் எவ்வளவோ சின்னவனான என்னையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். அண்ணா 2018இல் வந்தவர். 2020இல் எங்கள் பல்கலைக்கழக அணி வெறும் இரண்டே ஆட்டம் ஜெயித்து நான்கில் தோற்றதைப் பார்த்திருக்கிறார். 2021லும் 2022லும் பிளேஆஃப் என்ற தேசியப் பட்டத்துக்கான போட்டியில் அரையிறுதி வரை போய், ஒருமுறை ஜார்ஜியாவிடமும் மறுமுறை டி.சி.யூ. என்ற டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்திடமும் அடி வாங்கியதையும் பார்த்திருக்கிறார். அதனால் ஊரே "இந்த வருஷம் நமக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆய்வேடு எப்போது முடியும் என்று கேட்டாலும் இதே முகம்தான்.

முதல் ஆட்டம் செப்டம்பர் 2, ஈஸ்ட் கரோலினாவோடு. மதியம் பன்னிரண்டு மணிக்குத் தொடக்கம், ஆனால் காலை எட்டரைக்கே ஸ்டேடியத்தைச் சுற்றியிருக்கும் வீடுகளின் புல்தரையெல்லாம் கார் நிறுத்துமிடம் ஆகிவிட்டது, அட்டையில் தொகையை எழுதிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர்களே நிற்கிறார்கள். நான் வகுப்புக்குப் போகிற மாதிரி முதுகுப்பையை மாட்டிக்கொண்டு போனேன், உள்ளே தண்ணீர் பாட்டில், குடை, ஒரு நோட்டு வேறு. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள், பை எதற்கும் அனுமதி இல்லையாம். வீட்டுக்குப் போய் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் முதல் கால்பகுதி போய்விட்டது. கையில் போன், சாவி, அவ்வளவுதான் கொண்டுபோயிருக்க வேண்டும். சாவிக்கும் அங்கே ஒரு வேலை உண்டு, முக்கியமான கட்டம் வந்தால் மாணவர் பகுதி மொத்தமும் சாவிக்கொத்தை எடுத்து ஆட்டும்.

மிச்சிகன் ஸ்டேடியம் வெளியே இருந்து பார்த்தால் பெரிதாகவே தெரியாது. பெரும்பகுதி தரைக்குக் கீழே தோண்டிக் கட்டியது, 1927இல் திறந்தது. வாசல் வழியாக நுழைந்தால் நாம் கிண்ணத்தின் விளிம்பில் நிற்கிறோம், கண்ணுக்குக் கீழே அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போகிறது, 1,07,601 பேர் உட்காரலாம், எல்லாரும் சோள மஞ்சளிலும் நீலத்திலும். உட்காரலாம் என்று சொல்கிறேனே தவிர, மாணவர் பகுதியில் யாரும் உட்காருவதில்லை. மீதி ஆட்டம் முழுக்க வெயிலில் நின்றேன். 30-3 என்று ஜெயித்தார்கள். எப்படி ஜெயித்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பந்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் ஆட்டம் நின்றுவிடும், நாலு பேர் ஒருவர் மேல் ஒருவர் கிடப்பார்கள், விசில், மறுபடி வரிசை.

சாயந்திரம் அண்ணாவிடம் இதைச் சொன்னேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே, "தம்பி, பந்தைப் பார்க்காதீங்க. அது எங்கயும் போயிடாது. முன்னாடி குனிஞ்சு நிக்கறாங்க பாருங்க அஞ்சு பேரு, அவங்களை மட்டும் பாருங்க" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சீசன் முழுக்கப் பிடித்துக்கொண்டு ஓடினேன். விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்குப் பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு, முன்னேறினால் மறுபடி நான்கு. கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. மற்றதெல்லாம் போகப்போகத் தெரிந்துவிடும். அந்த ஐந்து பேர்தான் ஆஃபென்சிவ் லைன், நடுவில் சென்டர், இரண்டு பக்கமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். ஒவ்வொருவரும் நூற்றைம்பது கிலோவை நெருங்குகிற உருப்படி. முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்க இவர்களுக்குப் பொதுவாக அனுமதியே கிடையாது. எதிரே வருகிறவனைத் தள்ளி வழி உண்டாக்குவது, இல்லையென்றால் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது, வேலை அவ்வளவுதான். கபடியில் கை கோத்துச் சங்கிலி கட்டி நிற்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள், முழுக்க அது இல்லை என்றாலும் எனக்குப் பிடி கிடைத்தது அங்கேதான். ஒருவன் அரை அடி தப்பாகக் கால் வைத்தால் பின்னால் இருப்பவன் காலி.

செப்டம்பர், அக்டோபர் ஆட்டங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, எல்லாம் ஒரு பக்கமாகப் போனவை. நெப்ராஸ்காவை 45-7, மின்னசோட்டாவை 52-10, பக்கத்து ஊர் மிச்சிகன் ஸ்டேட்டை அவர்கள் மைதானத்திலேயே 49-0. எனக்கு இவை பயிற்சி வகுப்பு. குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தியையும் ஓட்டக்காரர் பிளேக் கோரமையும் எல்லாரும் பார்ப்பார்கள், நான் 65ஆம் எண்ணைப் பார்ப்பேன், வலது கார்டு ஸாக் ஸின்டர். 2022 சீசனோடு தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாம், கோரமும் அப்படித்தான், இரண்டு பேரும் இன்னொரு வருஷம் என்று தங்கினார்கள். இடையில் வகுப்பும் நடந்துகொண்டுதான் இருந்தது. வளாகத்து நடு முற்றத்தில் தரையில் ஒரு வெண்கல எம் எழுத்து பதித்திருக்கிறார்கள், முதல் பரீட்சைக்கு முன்னால் அதை மிதித்தால் அந்தப் பரீட்சை போச்சு என்பார்கள். நான் மிதிக்கவில்லை. ஆனாலும் முதல் இடைத்தேர்வு போச்சு.

நவம்பர்தான் உண்மையான சீசன். எதிரணிப் பயிற்சியாளர்கள் தங்கள் ஆட்களுக்குக் காட்டும் சைகைகளை எங்கள் அணியினர் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தார்கள் என்ற விவகாரம் அதற்கு முன்பே வெடித்திருந்தது. பென் ஸ்டேட் ஆட்டத்துக்கு முந்தைய நாள், நவம்பர் 10 வெள்ளிக்கிழமை, தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவுக்கு மூன்று ஆட்டத் தடை என்று எங்கள் அணி ஆடும் கூட்டமைப்பான பிக் டென் அறிவித்தது. சீசனின் முதல் மூன்று ஆட்டங்களிலும் அவர் இல்லை, அது வேறு ஒரு விவகாரத்தில் பல்கலைக்கழகமே போட்ட தடை. இந்த விஷயத்தில் ஊர்க்காரர்கள் எல்லாரும் "சதி" என்றார்கள். எனக்கு அப்படி முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை, தப்பு நடக்கவே இல்லை என்று எப்படிச் சொல்வது? அண்ணா, "யார் என்ன சொன்னாலும் நாளைக்கு மைதானத்துல சைகையைத் திருடி ஒருத்தனைத் தள்ள முடியாது" என்றார். நல்ல பதில்தான், ஆனால் முழுப் பதில் இல்லை.

பென் ஸ்டேட் ஆட்டத்தை வீட்டு சோஃபாவில் பார்த்தோம். தற்காலிகமாகப் பொறுப்பேற்ற ஷெரோன் மூர் அப்போது ஆஃபென்சிவ் லைனுக்கும் பயிற்சியாளர். மனிதர் என்ன செய்தார் என்றால், இரண்டாம் பாதியில் பந்தை எறிவதையே விட்டுவிட்டார். கணக்குப்படி கடைசி 32 முயற்சியும் ஓட்டம். கோரம் ஓடுவார், மூன்று யார்டு, இன்னொரு ஓட்டக்காரர் எட்வர்ட்ஸ் ஓடுவார், நாலு யார்டு, மறுபடி வரிசை, மறுபடி தள்ளு. எங்களோடு பார்க்க வந்திருந்த பையன் பாதியில் போனை எடுத்துவிட்டான். எனக்கோ கண்ணை எடுக்க முடியவில்லை. நான்காம் கால்பகுதியில் எதிரே நின்ற தடுப்பாளர்கள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குகிறார்கள், இந்த ஐந்து பேர் அவர்களுக்கு முன்னாலேயே போய் வரிசையில் குனிந்து காத்திருக்கிறார்கள். தோசைக்கல்லில் ஒரே மாதிரி வட்டம் போட்டுக்கொண்டே இருப்பவரைப் பார்ப்பது போல இருந்தது. 24-15. ஆட்டம் முடிந்து மூர் பேட்டியில் தேம்பி அழுதார். அண்ணா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார், திரும்பியே பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மேரிலாந்து, 31-24, கல்லூரிக் கால்பந்தில் ஆயிரம் வெற்றியைத் தொட்ட முதல் அணி. அப்புறம் ஒஹாயோ ஸ்டேட்.

இந்த இரண்டு பேருக்கும் இருக்கும் பகை இந்தியா பாகிஸ்தான் கிரிக்கெட் மாதிரி என்று சொல்வார்கள், ஆனால் இது அதைவிடச் சின்னப்பிள்ளைத்தனமானது, அதனாலேயே ரசிக்கத்தக்கது. அந்த வாரம் ஒஹாயோ ஸ்டேட் இருக்கும் கொலம்பஸ் நகரத்து வளாகத்தில் பலகைகளில் இருக்கும் எம் எழுத்தையெல்லாம் சிவப்பில் அடித்து வைப்பார்கள். ஆட்டம் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையை ஒட்டி வருவதால் என் ஆய்வகத்துப் பெண் ஊருக்குக் கிளம்பினாள், அவள் டிக்கெட் எனக்கு வந்தது. நம்மைப் போல ஊருக்குப் போக வழியில்லாதவர்களுக்கு இது ஒரு வசதி, கண் வைத்துக்கொள்ளுங்கள். அலுமினிய பெஞ்சின் குளிர் காலணி வழியாக ஏறும், கீழே அட்டைப்பெட்டித் துண்டு போட்டு நின்றால் கொஞ்சம் பரவாயில்லை, இது அண்ணா சொன்ன உத்தி.

மூன்றாம் கால்பகுதி முடியப்போகிறது, 17-17. ஒரு முயற்சி முடிந்து எல்லாரும் எழுந்தார்கள், 65 எழவில்லை. நான் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் முட்டிக்குக் கீழே கால் போன திசையைப் பார்த்துவிட்டேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். லட்சம் பேர் இருந்த இடத்தில் சத்தம் அப்படியே நின்றது. வண்டி வந்தது. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க் குனிந்து ஏதோ சொன்னார்கள். அப்புறம் மாணவர் பகுதியில் அவர் பெயர் ஆரம்பித்து மெல்ல ஸ்டேடியம் முழுக்கப் பரவியது. வலது டேக்கிளாக இருந்த கார்சன் பார்ன்ஹார்ட் ஒரு இடம் நகர்ந்து கார்டு ஆனார், ட்ரென்ட்டே ஜோன்ஸ் டேக்கிளாக உள்ளே வந்தார். மாற்றி நின்ற அந்தச் சுவரின் முதல் முயற்சியிலேயே கோரம் 22 யார்டு ஓடிப் போய்க் கோட்டைத் தாண்டினார். ஓடி முடித்ததும் விரல்களைத் தூக்கிக் காட்டினார், ஆறு, ஐந்து. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரின் கோட்டைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன், அவரும்தான். கடைசியில் நம் தடுப்பாட்டக்காரர் ராட் மூர் எதிரணியின் பந்தை இடைமறித்துப் பிடித்தபோது மிச்சம் 25 வினாடி. 30-24.

இண்டியானாபொலிஸில் அயோவாவை 26-0 என்று வென்று பிக் டென் பட்டம், அது சம்பிரதாயம்.

புத்தாண்டு அன்று பசடீனாவில் அலபாமாவோடு அரையிறுதி. அண்ணா உட்காரமாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றார், போன இரண்டு தடவையும் உட்கார்ந்து பார்த்தாராம். ஒன்றரை நிமிடம் பாக்கி இருக்கும்போது நம்மவர்கள் சமன் செய்து, அதற்கப்புறம் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில் உதைத்து வந்த பந்தைக் கை நழுவவிட்டுத் தங்கள் கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் பிடித்தார்களே, அப்போது அவர் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. கூடுதல் நேரத்தில் கோரம் இரண்டே ஓட்டத்தில் கோட்டைத் தாண்டினார். அலபாமாவின் கடைசி வாய்ப்பு, மூன்று யார்டு தூரம், குவார்ட்டர்பேக் மில்ரோ நடுவில் புகுந்தார், கூட்டத்தில் சிக்கினார். 27-20. இந்த முறை வேலையை முடித்தது நம்முடைய இன்னொரு சுவர், தடுப்பு வரிசை.

ஹூஸ்டனில் இறுதி, வாஷிங்டனோடு. நாட்டிலேயே சிறந்த ஆஃபென்சிவ் லைனுக்குத் தரும் ஜோ மூர் விருது 2021லும் 2022லும் மிச்சிகனுக்கு, 2023இல் அது போனது இதே வாஷிங்டனுக்கு. அண்ணா இதைத் தாங்கவே இல்லை. முதல் கால்பகுதியிலேயே டொனோவன் எட்வர்ட்ஸ் 41 யார்டு, 46 யார்டு என்று இரண்டு தடவை ஓடித் தள்ளினார். இரண்டு தடவையும் நான் அவரைப் பார்க்கவில்லை, வழி திறந்ததைப் பார்த்தேன். அதற்கப்புறம் நடுவில் வெகுநேரம் இழுபறி, கடைசியில் கோரம் இரண்டு டச்டவுன். 34-13, மொத்தம் 303 யார்டு ஓட்டத்தில். ஆடிய பதினைந்தும் வெற்றி, 1997க்குப் பிறகு முதல் தேசியப் பட்டம்.

அண்ணா ஒன்றும் சொல்லவில்லை, அன்றைக்கு முதல் முறையாகச் சோஃபாவில் உட்கார்ந்தார். காலையில் ஆய்வுக் குழுக் கூட்டம் இருக்கிறது என்று படுக்கப் போய்விட்டார். நான் சௌத் யூனிவர்சிட்டி தெருவுக்கு ஓடினேன், ஊரே அங்கே இருந்தது, விளக்குக் கம்பத்தில் எல்லாம் ஆள். ஆறரை அடி உயரப் பையன் ஒருவன் என் தோளைப் பிடித்து உலுக்கி, "உனக்கு யார் ஹீரோ, கோரமா, ஜே.ஜே.யா?" என்று கத்தினான். "பார்ன்ஹார்ட்!" என்றேன். ஒரு வினாடி என்னை மேலும் கீழும் பார்த்தான், அப்புறம் நண்பர்களைக் கூப்பிட்டு என்னைக் காட்டி ஏதோ அலறிவிட்டு, என் உள்ளங்கையில் ஓங்கி ஒரு அடி அடித்தான். இரண்டு நாளைக்கு அந்தக் கையால் தட்டச்சு செய்ய முடியவில்லை.