துக்கத்துக்கு ஒரு பொருளாளர்

கென்யாவின் 2007-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், ஒரு தொழிலாளியின் ஊதியத்தில் செய்யப்படும் பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது என்று விதிக்கிறது. மூன்றில் ஒரு பங்காவது அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம். நைரோபியின் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில், குஜராத்தி வம்சாவளிக் குடும்பம் ஒன்று நடத்தும் தொழிற்சாலையில் சம்பளக் கணக்கைப் பார்த்துவரும் நான், ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதிக்குப் பிறகு இந்த விதியை யாராவது ஒருவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னும் ஒரு முன்பணம் தந்தால் எல்லை மீறிவிடும் என்பதைக் கணினித் திரையில் காட்டுவேன். எதிரே அமர்ந்திருப்பவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, யாருக்காகப் பணம் தேவைப்படுகிறது என்பதைச் சொல்வார். தனக்காக என்று சொன்னவர்கள் மிகக் குறைவு.

பிடித்தங்களில் வரியும் ஓய்வூதிய நிதியும் மருத்துவக் காப்பீடும் ஒரு பகுதிதான். பெரும்பகுதி சாக்கோ எனப்படும் சேமிப்பு, கடன் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போகிறது. உறுப்பினர் மாதந்தோறும் சேமிக்கிறார். சேமிப்பைப் போல மூன்று மடங்கு வரை கடன் பெறுவது பொதுவான வழக்கம். நிலப் பத்திரமோ நகையோ அடமானமாகக் கேட்கப்படுவதில்லை. உடன் வேலை பார்ப்பவர்கள் பிணைக் கையெழுத்துப் போட்டால் போதும். ஆகையால் தறி இயக்குபவரின் கடனுக்குக் கிடங்குக் காவலர் பொறுப்பாளி. அந்தக் காவலரின் கடனுக்குச் சமையலறைப் பெண்மணி பொறுப்பாளி. யார் யாருக்குப் பிணை நிற்கிறார் என்று ஒரு தாளில் கோடு போட்டு இணைத்தால், தொழிற்சாலையில் எவரும் தனியாக நிற்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

எங்கள் நிர்வாகத்தில் உள்ளவர்கள், குறிப்பாக இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த என்னைப் போன்ற மேலாளர்கள், இதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: இவர்களுக்குச் சேமிக்கத் தெரியவில்லை, வருகிற பணத்தை உறவினர்களுக்கும் சாவுக்கும் செலவழித்துவிட்டு மறுபடியும் முன்பணத்துக்கு வந்து நிற்கிறார்கள். இந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. இவர்கள் சேமிக்கிறார்கள், அந்தச் சேமிப்பு வங்கிக் கணக்கில் இல்லாமல், பிற மனிதர்களிடம் இருக்கிறது. அதை மிகத் தெளிவாகப் பார்க்கக்கூடிய இடம், அலுவலகத்தில் ஒருவர் வீட்டில் சாவு நேரும் நாள்.

செய்தி காலையில் வந்தால், பத்து மணித் தேநீருக்குள் குழு அமைந்துவிடும். பாலும் தண்ணீரும் தேயிலையும் சேர்த்துக் கொதிக்கவைத்த அந்தத் தேநீரைக் கையில் பிடித்தபடியே தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரைத் தேர்ந்தெடுப்பார்கள். துக்க வீட்டாருக்கு எவ்வளவு தேவைப்படும் என்று உருப்படி வாரியாக ஒரு திட்டம் எழுதப்படும்: மருத்துவமனைப் பாக்கி, பிணவறை வாடகை, சவப்பெட்டி, ஊர்தி, கூடாரம், நாற்காலி, ஒலிபெருக்கி, உணவு, புகைப்படங்களுடன் அச்சிடப்படும் வாழ்க்கைக் குறிப்பு. பிறகு வாட்ஸ்ஆப்பில் ஒரு குழு திறக்கப்படும். எண்ணிட்ட பெயர்ப் பட்டியல் ஒன்று அதில் வளரத் தொடங்கும். பணம் அனுப்பியவர் பட்டியலை நகலெடுத்து, தன் பெயரையும் தொகையையும் சேர்த்து மீண்டும் இடுவார். இருநூறு ஷில்லிங் கொடுத்தவரின் பெயரும் பத்தாயிரம் கொடுத்தவரின் பெயரும் ஒரே பட்டியலில், வந்த வரிசைப்படி நிற்கும். மாலையில் பொருளாளர் மொத்தத்தைக் கூட்டி எழுதுவார். ஒரு ஷில்லிங் பிசகினாலும் கேள்வி வரும். தொழிற்சாலையின் கணக்குத் தணிக்கையில்கூட அத்தனை கண்கள் ஒரே நேரத்தில் ஒரு கூட்டல் தொகையைப் பார்ப்பதில்லை.

பொருளாளராகப் பெரும்பாலும் என் பிரிவில் உள்ள ஓர் இளம் பெண்ணைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பணத்தைக் கையாளும் பழக்கம் உள்ளவர் என்பது ஒரு காரணம். அவர் எவருடைய ஊரையும் இனத்தையும் சேர்ந்தவராகத் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் நிகழ்ந்த இன வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட நாடு இது. அந்த நாட்களில் அடுத்தடுத்த இயந்திரங்களில் நின்றவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்ததை மூத்த தொழிலாளர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அதே மனிதர்கள், லுவோ இனத்தவர் ஒருவரின் தாய்க்காகக் கிக்குயு, கம்பா, லுஹ்யா இனத்தவர்கள் பணம் அனுப்பும் பட்டியலில் அடுத்தடுத்த எண்களில் இருப்பதைப் பார்க்கும்போது, அந்தப் பட்டியலின் மதிப்பு அதில் கூடிய தொகையைவிடப் பெரிதென்று எனக்குப் படுகிறது.

இவ்வளவு வேகமும் எம்-பெசா வந்த பிறகு சாத்தியமானது. சஃபாரிகாம் நிறுவனம் 2007 மார்ச்சில் தொடங்கிய இந்தக் கைபேசிப் பணச் சேவைக்கு முன், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் அஞ்சலகத்துக்குப் போனார். அல்லது ஓர் உறையில் போட்டு, தன் ஊர்ப்பக்கம் போகும் பேருந்தின் ஓட்டுநரிடமோ அங்கே பயணம் செய்யும் நண்பரிடமோ கொடுத்தார். அலுவலகத்தில் வசூல் என்றால் ஒரு பழுப்பு உறை மேசை மேசையாகச் சுற்றிவந்தது. அன்று விடுப்பில் இருந்தவர் தப்பிக்க முடிந்தது. சட்டைப்பையில் ஒன்றும் இல்லை என்று சொல்லவும் முடிந்தது. இப்போது பணம் கைபேசியில் இருப்பதால் அந்த இரண்டு வழிகளும் அடைபட்டுவிட்டன. வேலையை விட்டு மொம்பாசாவுக்குப் போனவரும் துபாயில் காவலராக இருப்பவரும்கூடப் பட்டியலில் தோன்றுகிறார்கள். கொடுப்பது எளிதாகியிருக்கிறது, கொடுக்காமல் இருப்பது கடினமாகியிருக்கிறது.

தமிழ்நாட்டில் மொய் எழுதும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்தப் பட்டியலைப் புரிந்துகொள்வது எளிது. நோட்டுப் புத்தகத்தில் பெயரும் தொகையும் ஏறுவது போலவே இங்கும் ஏறுகிறது. யார் வந்தார், யார் வரவில்லை என்பது நினைவில் நிற்கிறது. ஆனால் பெற்ற மொய்க்கு ஈடாகவோ அதற்கு மேலாகவோ திருப்பிச் செய்தாக வேண்டும் என்ற கணக்கு இங்கே அவ்வளவு கறாராக இல்லை. தன்னால் இயன்றதைக் கொடுத்தார் என்பது போதுமானதாக இருக்கிறது. சுதந்திரத்தின்போது நாட்டின் முதல் தலைவர் ஜோமோ கென்யாட்டா முன்வைத்த, ஒன்றுகூடி இழுப்போம் என்று பொருள்படும் ஹராம்பே என்ற முழக்கம் அரசுச் சின்னத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயரால் ஊர் ஊராகப் பணம் திரட்டிப் பள்ளிகள் கட்டிய தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. அலுவலகத் துக்கக் குழு அந்தப் பழக்கத்தின் நகரத்துப் பிள்ளை.

செலவு ஏன் இவ்வளவு ஆகிறது என்று கேட்டால், உடல் ஊருக்குப் போக வேண்டும் என்பதே முதன்மையான விடை. நைரோபியில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவரும் தன் வீடு என்று குறிப்பிடுவது சியாயாவிலோ விஹிகாவிலோ மச்சாகோஸிலோ இருக்கும் பெற்றோரின் நிலத்தைத்தான். 1986 டிசம்பரில் இறந்த வழக்கறிஞர் எஸ்.எம். ஒட்டியெனோவின் உடல் குறித்த வழக்கை இங்கே நடுவயதைக் கடந்த எவரும் விரிவாகச் சொல்வார்கள். கிக்குயு இனத்தவரான அவருடைய மனைவி வம்புயி, நைரோபிக்கு அருகே உள்ள தங்கள் நிலத்தில் கணவரை அடக்கம் செய்ய விரும்பினார். உமிரா காகெர் என்ற லுவோ குலத்தாரோ, பிறந்த மண்ணான நியால்குங்காவுக்கே அவர் வர வேண்டும் என்றார்கள். உடல் மாதக்கணக்கில் பிணவறையில் இருக்க, வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று, 1987 மே மாதம் குலத்தாருக்குச் சாதகமாக முடிந்தது. நகரத்து வாழ்வும் திருமணமும் தொழிலும் ஒருவரின் பிறந்த மண்ணை மாற்றிவிடாது என்று அந்தத் தீர்ப்பைப் பலர் புரிந்துகொண்டார்கள்.

சாக்கோ கடன் விண்ணப்பங்களில் ஊரில் வீடு கட்ட என்ற காரணம் அடிக்கடி வருவதற்கும் இதோடு தொடர்பு உண்டு. லுவோ வழக்கப்படி ஊரில் தனக்கென ஒரு வீடு எழுப்பாத ஆண் இறந்தால், அடக்கத்துக்கு முன் அவசரமாக ஒரு சிறு குடிசையாவது கட்டியாக வேண்டும். அது குடும்பத்துக்குப் பெரும் குறை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் போய்த் தங்கக்கூடிய ஒரு வீட்டுக்காகப் பல ஆண்டுகள் தவணை கட்டுவதை வீண் என்று எங்கள் மேலாளர் ஒருவர் சொன்னார். அந்த வீட்டின் முற்றத்திலிருந்துதான் தன்னை வழியனுப்புவார்கள் என்று அறிந்த மனிதருக்கு அது வீணாக இருக்க முடியாது.

எங்கள் கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவர் இறந்தபோது, நிறுவனத்தின் சார்பில் என்னை சியாயாவுக்கு அனுப்பினார்கள். வியாழன் இரவு, சிவப்புத் துணிப் பட்டைகள் கட்டிய வண்டிகளில் புறப்பட்டோம். நக்குரு, கெரிச்சோவின் தேயிலைத் தோட்டங்கள், கிசுமு வழியாக அந்த ஊரை அடைந்தபோது வெள்ளிக்கிழமை நன்றாக விடிந்திருந்தது. வழிநெடுக வண்டியில் பாட்டு ஓயவில்லை. மறுநாள் அடக்கம். கூடாரங்களின் கீழ் ஊரே அமர்ந்திருந்தது. அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் உடன்பிறந்தோர், சம்பந்தி வீட்டார், தேவாலயத்தார், நண்பர்கள் ஆகியோருக்குப் பிறகு பணியிடத்தார் பேசுவார்கள் என்று குறித்திருந்தார்கள். இறந்தவரின் தம்பி என்னிடம் வந்து, "முதலாளி பக்கத்திலிருந்து ஆள் வந்தாயிற்றா என்று அம்மா நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்று சொல்லி, என்னை அந்த முதியவளின் அருகே அழைத்துச் சென்றார். அவள் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு மகன் எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தான், என்ன பொறுப்பில் இருந்தான், யாரோடும் சண்டை போட்டானா என்று கேட்டாள். நான் கொண்டுபோயிருந்த பணிப் பதிவேட்டின் விவரங்களையே பின்னர் ஒலிபெருக்கியில் சொன்னேன்: சேர்ந்த நாள், பதவி உயர்வு பெற்ற ஆண்டு, அவர் பொறுப்பில் இருந்தபோது இருப்புக் கணக்கு எப்போதும் சரியாக இருந்தது என்ற செய்தி. பக்கத்தில் ஒருவர் அதை லுவோ மொழியில் திருப்பிச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கூட்டத்திலிருந்து ஆமோதிப்புக் குரல் எழுந்தது. அந்த மனிதர் நைரோபியில் என்னவாக இருந்தார் என்பதற்கு அவருடைய தாய்க்குக் கிடைத்த சான்று அதுதான்.

இதெல்லாம் ஆதிகாலம் தொட்டு மாறாமல் வரும் வழக்கம் என்று நினைப்பது தவறு. கிக்குயு மக்களிடையே முற்காலத்தில் செல்வமும் சந்ததியும் பெற்ற முதியவர்களை மட்டுமே புதைத்தார்கள். அனைவரையும் புதைப்பது காலனி ஆட்சிக்காலத்தில் பரவியது. நோபல் பரிசு பெற்ற சுற்றுச்சூழல் போராளி வங்காரி மாத்தாய் 2011-இல் இறந்தபோது, மரப்பெட்டி வேண்டாம் என்ற அவருடைய விருப்பப்படி மூங்கிலும் நாணலும் ஆகாயத்தாமரையும் கொண்டு செய்த பெட்டியில் வைத்து, நைரோபி கரியோகோரில் இந்துச் சமூகத்தாரின் தகன மையத்தில் எரியூட்டினார்கள். ஆப்பிரிக்கர் ஒருவரை எரிப்பதா என்று அப்போது பலர் திகைத்தார்கள். 2020 ஏப்ரல் முதல் ஜூலை தொடக்கம் வரை நைரோபியை விட்டு வெளியேறத் தடை இருந்தபோது, கூட்டமில்லாத அடக்கங்களை மக்கள் கைபேசித் திரையில் பார்த்தார்கள். செலவு மிகவும் குறைந்தது. ஆனாலும் அதை நினைத்து எவரும் மகிழ்ச்சி அடைந்ததாக நான் கேட்டதில்லை. 2025 அக்டோபரில், சிகிச்சைக்காகக் கேரளம் சென்ற இடத்தில் இறந்த முன்னாள் பிரதமர் ரைலா ஒடிங்கா, தன்னை 72 மணி நேரத்துக்குள் அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். சில நாட்களுக்குள்ளேயே அவர் குடும்ப ஊரான பொண்டோவில் அடக்கம் செய்யப்பட்டார். வாரக்கணக்கில் கூட்டம் போட்டு வசூலிப்பது அவசியமா என்ற பேச்சு அதன்பின் எங்கள் தேநீர் வேளையிலும் எழுந்தது.

இளைஞர்கள்தாம் அந்தப் பேச்சை முன்னெடுக்கிறார்கள். முதல் சம்பளம் வாங்கும் மாதத்திலிருந்தே தம்பி தங்கையரின் கட்டணம், அத்தையின் மருந்து, அலுவலகக் குழுக்கள் என்று பணம் பிரிந்துபோவதை அவர்கள் கறுப்பு வரி என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். 2024 ஜூனில், புதிய வரிகளைக் கொண்டுவரவிருந்த நிதி மசோதாவை எதிர்த்துத் தெருவில் இறங்கிய தலைமுறை அது. அரசியல்வாதிகள் ஹராம்பே மேடைகளில் பணக்கட்டுகளை அள்ளிக் கொடுத்துப் பெயர் வாங்குவதையும் அவர்கள் அப்போது கடுமையாகக் கண்டித்தார்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. மூன்று குழுக்களுக்கு ஒரே வாரத்தில் பணம் அனுப்பிவிட்டு, மாதக் கடைசியில் கைபேசி வழிக் கடன் வாங்கிப் பேருந்துக்குக் கொடுக்கும் இருபத்தைந்து வயதுப் பையனின் கணக்கை நான் பார்த்திருக்கிறேன். கூட்டுவாழ்வைப் புகழ்கிறவர்கள் அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

அவர்களில் சிலர் கேட்டுக்கொண்டதன் பேரில்தான் நிர்வாகத்திடம் பேசி, இறுதிச் செலவுக்கான குழுக் காப்பீடு ஒன்றை எடுத்தோம். தொழிலாளியோ மனைவியோ கணவரோ பிள்ளையோ பெற்றோரோ இறந்தால், குறிப்பிட்ட தொகை இரண்டொரு நாளில் குடும்பத்துக்குப் போய்விடும். இனி வசூல் குறையும் என்று நிர்வாகம் எதிர்பார்த்தது. அதன்பின் சாயப் பிரிவில் ஒருவர் இறந்தார். காப்பீட்டுத் தொகை பெட்டிக்கும் ஊர்திக்கும் பிணவறைக்கும் போதுமானதாக இருந்தது. ஆனாலும் பத்து மணித் தேநீரில் குழு கூடியது. திட்டத்தில் அடக்கச் செலவுக்கான உருப்படிகள் இல்லை. ஜனவரியில் பள்ளி திறக்கும்போது அவருடைய இரு பிள்ளைகளுக்கும் கட்ட வேண்டிய கட்டணம் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. கறுப்பு வரி என்று சொல்லிக்கொண்டிருந்த பையன் அதற்குச் செயலாளராக இருக்க முன்வந்தான். பொருளாளராக, வழக்கம்போல, என் பிரிவுப் பெண்ணையே தேர்ந்தெடுத்தார்கள்.