வளர்ந்தவர்களின் கற்றல் குறைபாடு: தம்பிக்காக உதவி தேடிய அனுபவம்

என் தம்பிக்கு டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு இருப்பது முப்பது வயதைக் கடந்த பிறகுதான் முறைப்படி உறுதியானது. இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை; காதால் ஒருமுறை கேட்டதை மறக்கவும் மாட்டான். இருந்தும், பதவி உயர்வுக்கு எழுத்துத் தேர்வு எழுதியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தபோது, வேலையையே விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குத் துவண்டுபோனான். கற்றல் குறைபாடு பற்றிக் கிடைக்கும் தகவல்களில் பெரும்பகுதி பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருப்பதால், வளர்ந்த ஒருவருக்கு உதவி தேடுபவர் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திண்டாட வேண்டியிருக்கிறது. அப்படித் திண்டாடி நாங்கள் கண்டுகொண்ட வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கண்பார்வையையும் செவித்திறனையும் பரிசோதித்துக்கொண்டோம். இது சம்பிரதாயத்துக்காகச் செய்வது அன்று. உளநலக் குறைபாடுகளை வகைப்படுத்திக் கண்டறிய அமெரிக்க உளநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, வாசிப்பில் உள்ள சிரமத்துக்குச் சரிசெய்யப்படாத பார்வைக் குறையோ, செவிக் குறையோ, அறிவுத்திறன் குறைபாடோ, முறையான கற்பித்தல் கிடைக்காமல் போனதோ காரணம் என்றால், அதைக் கற்றல் குறைபாடு என்று கொள்வதில்லை. ஆகவே இந்தப் பரிசோதனை முடிவுகள் கையில் இருந்தால் மதிப்பீடு செய்பவரின் வேலையும் நம்முடைய அலைச்சலும் ஒருசேரக் குறையும்.

அடுத்தது, மதிப்பீடு செய்யும் மருத்துவ உளவியலாளரைக் கண்டுபிடிப்பது. தொலைபேசியில் விசாரித்த இடங்களில் பெரும்பாலானவை, குழந்தைகளுக்கு மட்டுமே பார்ப்பதாகக் கையை விரித்துவிட்டன. ஓரிடத்தில் வரச் சொன்னார்கள். போன பிறகுதான் அங்கே இருந்தவை எல்லாம் சிறுவர்களுக்கான தேர்வுகள் என்று தெரிந்தது. நுண்ணறிவுத் தேர்வுகளில் வெக்ஸ்லர் வரிசையையே எடுத்துக்கொண்டால், சிறுவர்களுக்கான தேர்வு 6 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கு உரியது. அதற்கு மேற்பட்டவர்களுக்குத் தனித் தேர்வு உண்டு. எனவே, முன்பதிவு செய்யும்போதே, பெரியவர்களுக்கான தேர்வுகள் இருக்கின்றனவா, எந்த மொழியில் வாசிப்பை மதிப்பிடுவார்கள் என்ற இரண்டையும் கேட்டுவிடுவது நல்லது. இரண்டு மொழிகளில் படித்தவரை ஒரே மொழியில் சோதித்துவிட்டு முடிவு சொன்னால், அது குறைபாடா, அந்த மொழியில் போதிய பழக்கம் இல்லாததா என்பது தெளிவாகாது.

எங்களுக்குப் பெரிதும் கைகொடுத்தவை பழைய காகிதங்கள். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, சிறுவயதிலிருந்தே கற்றலில் இடர்ப்பாடு இருந்ததைக் காட்டும் ஆவணங்களை, தரப்படுத்தப்பட்ட தேர்வுக்கு மாற்றாக ஏற்றுக்கொள்ள டிஎஸ்எம்-5 கையேடு இடமளிக்கிறது. அம்மா எதையும் தூக்கிப்போடாதவர் என்பதால் மதிப்பெண் அட்டைகள், கட்டுரை நோட்டுகள் எல்லாம் பரணிலிருந்து இறங்கின. ‘வாயால் நன்றாகச் சொல்கிறான், எழுதச் சொன்னால் எழுதுவதில்லை’ என்று ஓர் ஆசிரியர் எழுதிவைத்திருந்த குறிப்பை உளவியலாளர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், வாசிக்க இயலாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியபோது, பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் பதிவு செய்திருக்கிறார். நூறாண்டுகளுக்குப் பிறகும் ஆசிரியர்களின் கண்ணில் படுவது அதேதான். பட்ட பிறகு என்ன செய்வது என்பதில்தான் பலருக்கும் தெளிவில்லை.

மதிப்பீட்டின்போது நான் வெளியே காத்திருந்தேன். வாசிப்புப் பகுதிக்கு மட்டும் தம்பியின் சம்மதத்துடன் உள்ளே அனுமதித்தார்கள். பழகிய சொற்கள் அடங்கிய பட்டியலை அவன் மெதுவாக, ஆனால் பெரிய பிழைகள் இல்லாமல் படித்தான். அடுத்து, பொருளே இல்லாமல் உருவாக்கப்பட்ட சொற்களைக் கொடுத்தார்கள். அங்கே அவன் அப்படியே நின்றுவிட்டான். பழகிய சொல்லின் வடிவத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஒப்பேற்றிவிடலாம். பொருளற்ற சொல்லை எழுத்தையும் ஒலியையும் பொருத்தித்தான் படிக்க முடியும். அந்தப் பொருத்தம்தான் அவனுக்குக் கைவரவில்லை. எழுத்தின் முன்னால் நிற்கும் கொம்பைப் பார்ப்பான், பின்னால் வரும் காலை விட்டுவிடுவான். ‘கொடு’ என்பது ‘கெடு’ ஆகிவிடும். வாக்கியத்தில் வரும்போது பொருளை வைத்து ஊகித்துத் திருத்திக்கொள்வான். இந்த ஊகமே இத்தனை ஆண்டுகளாக அவனைக் காப்பாற்றியும் வந்தது, களைப்படையவும் செய்தது.

முதலில் வந்த அறிக்கை, குறைபாட்டின் பெயரையும், ‘சிறப்புக் கல்வி பரிந்துரைக்கப்படுகிறது’ என்ற ஒரு வரியையும் கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் எதையும் கேட்க முடியாது. அறிக்கையைப் படித்து முடிவெடுக்கப்போகிறவர் உளவியல் அறிந்தவர் அல்லர்; தேர்வுப் பிரிவில் கோப்பு பார்ப்பவர். வாசிப்பின் வேகம் அவன் வயதினரோடு ஒப்பிட எவ்வளவு குறைவு, எழுதும் வேகமும் பிழைகளும் எப்படி, அறிவுத்திறன் எந்த அளவில் இருக்கிறது, இவற்றின் விளைவாக எந்தச் சலுகை எந்தக் காரணத்துக்காகத் தேவை என்பவை அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். நாங்கள் தேர்வின் விதிமுறைகளை எடுத்துச் சென்று, அவற்றில் பயன்படுத்தப்பட்டுள்ள சொற்களையே பரிந்துரையிலும் எழுதித் தருமாறு கேட்டோம். உளவியலாளர் முகம் சுளிக்காமல் எழுதிக்கொடுத்தார். என்னைக் கேட்டால், இந்தப் பயணம் முழுவதிலும் அதிகப் பலன் தந்த வேலை இதுதான்.

பயிற்சி தேடும்போது வேறு வகைத் தொல்லை. நிறக் கண்ணாடி அணிந்தால் எழுத்து நிலைபெறும் என்றார் ஒருவர். கண் பயிற்சி போதும் என்றார் இன்னொருவர். இவ்விரண்டுக்கும் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009இலேயே கூட்டறிக்கை வெளியிட்டிருப்பதைப் படித்த பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கென்றே வடிவமைத்த எழுத்துருக்களும் ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க பலனைக் காட்டவில்லை. அதைவிட, எழுத்தைச் சற்றுப் பெரிதாக்குவதும், எழுத்துகளுக்கு இடையிலும் வரிகளுக்கு இடையிலும் இடம் விடுவதும் தம்பிக்கு உதவின. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, வெளிப்படையாக, திரும்பத் திரும்பப் பொருத்திக் கற்பிக்கும் முறைக்கே ஆதாரம் வலுவாக இருக்கிறது. வயதான பிறகு இது எடுபடுமா என்ற சந்தேகம் எங்களுக்கும் இருந்தது. 2004இல் நரம்பியல் ஆய்வாளர் கினிவியர் ஈடன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்களுக்கு 8 வாரம் ஒலிப்புப் பயிற்சி அளித்தபோது அவர்களுடைய திறனும் மூளையின் செயல்பாடும் மாறியது தெரியவந்தது. அது அற்புதம் நிகழும் என்பதற்கான உறுதிமொழி அன்று. தொடங்கலாம் என்பதற்கு அது போதும்.

சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவர் கிடைத்தார். முதல் வகுப்பில் அவர் எடுத்து வைத்தது படங்கள் நிறைந்த குழந்தைப் பாடல் புத்தகம். “அக்கா, என்னை இதையெல்லாம் படிக்கச் சொன்னால் நான் வரமாட்டேன்” என்று தம்பி வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டான். அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆசிரியரிடம் பேசி, அவன் அன்றாடம் கையாளும் இயந்திரங்களின் கையேட்டிலிருந்தே சொற்களை எடுத்துப் பயிற்சி அமைத்துக்கொண்டோம். அதன் பிறகு அவன் ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை.

பயிற்சி பலன் தரும்வரை காத்திருக்காமல், படிக்க வேண்டியதைக் காதுக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டையும் உடன் செய்ய வேண்டும். கைபேசியிலேயே திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறது. அணுகல்தன்மை (Accessibility) என்ற அமைப்புப் பகுதிக்குள் தேடினால் கிடைக்கும். பாடநூல் ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆக இருந்தால் அது படம் மட்டுமே. எழுத்துணரி மென்பொருளால் எழுத்தாக மாற்றினால்தான் வாசிக்கும். மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து பிழை திருத்த வேண்டும், அந்த வேலை என் தலையில் விழுந்தது. அணுகத்தக்க வடிவில் நூல்கள் வழங்கும் புக்‌ஷேர் போன்ற நூலகங்கள் பார்வையற்றோருக்கு மட்டும் உரியவை என்று பலர் நினைக்கிறார்கள். அச்சு நூல்களைப் படிக்க இயலாதவர்களுக்கு அணுகத்தக்க வடிவில் நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2016இல் நடைமுறைக்கு வந்தது; அது வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களையும் பயனாளிகளாகவே கணக்கில் கொள்கிறது. இத்தகைய நூலகத்தில் உறுப்பினர் ஆவதற்குத் தகுதி வாய்ந்த ஒருவரின் சான்று தேவை. மதிப்பீட்டு அறிக்கை இங்கேயும் பயன்படும்.

தேர்வுக்கான விண்ணப்பத்தில், கேள்விகளை வாசித்துச் சொல்பவரும் கூடுதல் நேரமும் கேட்டோம். விடையைச் சொல்லச் சொல்ல எழுதித்தருபவர் வேண்டாம் என்பது தம்பியின் முடிவு. எழுதுவது மெதுவாக இருந்தாலும், தன் விடையைத் தானே எழுத விரும்பினான். கேட்கும் சலுகை சம்பந்தப்பட்டவருக்குப் பொருந்த வேண்டும், கிடைப்பதையெல்லாம் வாங்கிவைப்பதில் பயனில்லை. முதல் விண்ணப்பம், கண்ணுக்குத் தெரியும் குறைபாடு எதுவும் இல்லை என்ற காரணத்தோடு திரும்பி வந்தது. ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கை, நியாயமான வசதிகளை மறுப்பதையும் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, அறிக்கையின் உரிய பக்கத்தை அடையாளமிட்டு இணைத்து, பணிவான ஒரு கடிதத்துடன் மேல் அதிகாரிக்கு அனுப்பினோம். சண்டை போடவில்லை, ஒவ்வொரு பதிலையும் எழுத்தில் தருமாறு மட்டும் விடாமல் கேட்டோம். வாசித்துச் சொல்பவர், கூடுதல் நேரம் இரண்டும் அனுமதிக்கப்பட்டன.

பணியிடத்தில் யாரிடம் சொல்வது என்பதை அவனே தீர்மானித்தான். மேற்பார்வையாளரிடம் மட்டும் சொன்னான். அவரும் எழுத்து வடிவில் வரும் உத்தரவுகளை ஒருமுறை வாயாலும் சொல்லிவிடுகிறார். அறிக்கைக்குச் சில அமைப்புகள் காலக்கெடு வைப்பதால், அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன் அது செல்லுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூலப் பிரதியை யாரிடமும் ஒப்படைக்காமல், சான்றளித்த நகல்களையே கொடுத்து வருகிறோம்.