பழைய பெயிண்ட்பால் மார்க்கர்ல காத்துல ஓடுற ஹாப்பர்

டிப்மேன் ஏ-5ங்கிற மார்க்கர்ல (பெயிண்ட் உருண்டை, அதாவது பால், சுடுற துப்பாக்கி) வர்ற சைக்ளோன் ஃபீட் இருக்கே, பாலை உள்ள ஏத்துற ஹாப்பர்தான், அதுல பேட்டரியும் கிடையாது மோட்டாரும் கிடையாது, சுடும்போது வால்வுல இருந்து கொஞ்சம் கேஸ் ஒரு சின்ன ஹோஸ் வழியா வந்து பிஸ்டனைத் தள்ளும், அது உள்ள இருக்க சக்கரத்தை ஒரு படி சுத்தி அடுத்த பாலைக் கொண்டு வந்துடும், அவ்ளோதான். எவ்ளோ வேகமா சுடுறோமோ ஃபீடும் அதே வேகத்துல வரும். எனக்கு இந்த ஐடியா ரொம்பப் பிடிக்கும்.

இதை டிப்மேனோட பழைய மார்க்கரான 98 கஸ்டம்ல மாட்டணும்னா கேஸ் எங்க எடுக்குறோம்ங்கிறதுதான் முக்கியம். டேங்க் லைன்லயே எடுத்துடலாமேன்னு தோணும், வேண்டாம், அங்க ப்ரெஷர் எப்பவுமே இருக்கும், பிஸ்டன் தள்ளுன இடத்துலயே நின்னுடும். வால்வு திறக்குறப்போ மட்டும் வர்ற கேஸ்தான் வேணும், அதனால வால்வு சீலைத் தாண்டி கேஸ் வெளிய போற பக்கம் ஓட்டை போடணும். டேங்கைக் கழட்டி, மிச்ச கேஸையும் வெளிய விட்டுட்டு, வால்வைத் தனியா எடுத்து ட்ரில் பண்ணுங்க, துகள் ஒண்ணு சீல்ல மாட்டுச்சுன்னா லீக்தான்.

ஹோஸுக்குப் போற கேஸ் பாலுக்குப் போகாது இல்லையா, சோ வெலாசிட்டி மாறும், க்ரோனோல (பால் போற வேகத்தை அளக்குற கருவி) பாத்து திரும்ப செட் பண்ணணும், வினாடிக்கு 300 அடியைத் தாண்டக் கூடாது. முதல் பாலை மட்டும் கையால தள்ளி ஏத்திக்கோங்க, சுட்டாதான கேஸே வரும்!