வலிக்காத பல்லைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாளராக இருக்கிறேன். டாக்டர் எலும்பில் துளை போடும்போது பக்கத்தில் நின்று உறிஞ்சுகுழாய் பிடிப்பது, கருவிகளைக் கிருமிநீக்கம் செய்வது, வந்தவர்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்வது எல்லாம் என் வேலை. இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் திருகி வைக்கும் டைட்டானிய வேர்தான் இம்பிளாண்ட், அதன்மேல் பல் வடிவில் கேப் போடுவார்கள். அது விழுந்துபோன ஒருவரிடம் காரணம் கேட்டால், "உடம்புக்கு ஒத்துக்கல" என்பார்கள். டைட்டானியம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது மிக அபூர்வம். நான் பார்த்தவரை காரணம் வேறு எங்கேயோ இருக்கும்.

டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதைக் கண்டறிந்தவர் சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க். 1950களில் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் போனபோது அது எலும்போடு சேர்ந்து இறுகியிருந்தது. 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் முதன்முதலாக இம்பிளாண்ட் வைத்தார். லார்சன் 2006-இல் இறக்கும்வரை அவற்றால்தான் சாப்பிட்டார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல். ஆக, நன்றாக அமைந்தால் ஆயுசுக்கும் நிற்கக்கூடிய பொருள் இது. ஆனால் அது நிற்பது எலும்பில், சுற்றி இருப்பது ஈறு. உலோகம் சொத்தையாகாது, சரி. எலும்பும் ஈறும் நம்முடையவைதானே.

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்குக் கீழ்க்கடைவாயில் ஒரு இம்பிளாண்ட் இருந்தது. வேறொரு கிளினிக்கில் வைத்தது. கேப் போட்ட பிறகு, "வலி இருந்தால் வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. சில வருடம் கழித்து, பல் தேய்க்கும்போது அந்த இடத்தில் மட்டும் ரத்தம் வந்திருக்கிறது. ரத்தம் வருகிறதே என்று பெரியம்மா அங்கே பிரஷ் படாமல் தேய்க்க ஆரம்பித்தார். அழுக்கு இன்னும் சேர்ந்தது. வலி மட்டும் வரவே இல்லை. நான் வற்புறுத்தி எக்ஸ்ரே எடுக்க வைத்தபோது சுற்றியிருந்த எலும்பு பாதிக்கு மேல் கரைந்திருந்தது. எங்கள் டாக்டர் லேசாகத் திருகியதுமே கையோடு வந்துவிட்டது.

வலி ஏன் வரவில்லை? சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. நரம்பு நிறைந்த அந்தப் படலம்தான் சோற்றில் ஒரு கல் கடிபட்டாலும் உடனே சொல்லிவிடுகிறது. இம்பிளாண்டுக்கு அந்தப் படலம் கிடையாது, நேராக எலும்பில் நிற்கிறது. ஈற்றின் நார்களும் சொந்தப் பல்லில் வேருக்குள்ளேயே பதிந்திருக்கும். இம்பிளாண்டைச் சுற்றி அவை வெறுமனே அணைத்துக்கொண்டுதான் நிற்கும். அதனால் கிருமி சுலபமாக ஆழத்துக்குப் போய்விடும். ஈறு மட்டும் வீங்கி ரத்தம் கசியும் நிலையில் வந்தால் சுத்தம் செய்து மீட்டுவிடலாம். எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் இருப்பதைக் காப்பாற்றத்தான் போராட முடியும், போனது பெரும்பாலும் போனதுதான். எனவே வலிக்காகக் காத்திருக்காதீர்கள். ரத்தம், சீழ், வாயில் புது நாற்றம், ஈறு கீழிறங்கித் தெரிவது, இதில் எது வந்தாலும் அந்த வாரமே போய்விடுங்கள்.

இது பின்னால் வரும் தோல்வி. கேப் போடும் முன்பே நடப்பது இன்னொன்று. துளை போடும்போது எலும்பு சூடாகக்கூடாது. 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு செல்கள் சாகத் தொடங்கும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அதனால்தான் உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும், முனை மழுங்கிய டிரில்லைத் தூக்கி எறிய வேண்டும். இதெல்லாம் டாக்டர் பக்கத்துப் பொறுப்பு.

நம் பக்கத்தில் உள்ளது மூன்றாவது, நான்காவது வாரம். வைத்த அன்று இம்பிளாண்ட் திருகின பிடிப்பில் நிற்கிறது. அப்புறம் பழைய எலும்பு கொஞ்சம் கரையும், புது எலும்பு வளர்ந்து பிடிக்கும். அந்த இடைவெளியில், ஏறக்குறைய மூன்று நான்கு வாரத்தில், பிடிப்பு இருப்பதிலேயே குறைவு. ஆனால் வெளியே தையல் ஆறியிருக்கும், வீக்கம் வடிந்திருக்கும், ஆளுக்கு எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். தீபாவளிக்கு முந்தின மாதம் இம்பிளாண்ட் வைத்துக்கொள்ள வருபவர்களிடம் நான் கெஞ்சாத குறையாகச் சொல்வேன்: முறுக்கை இந்த வருடம் விட்டுவிடுங்கள் ஐயா, அதிரசம் மறுபக்கம் வைத்துச் சாப்பிடுங்கள். முழுதாகப் பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். மேல்தாடை எலும்பு மிருதுவானது, அதற்குத்தான் கூடுதல் நாள்.

அப்புறம் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இது இருக்கிறது, இந்தியர்களான நம்மிடையே எப்போதும் அதிகம். கட்டுப்பாட்டில் இருந்தால் இம்பிளாண்ட் தாராளமாக வைக்கலாம். கட்டுப்பாடு இல்லாவிட்டால் புண் ஆறாது, கிருமி சீக்கிரம் பிடிக்கும். காலையில் விரலில் குத்திப் பார்த்த எண்ணை நம்பி வராதீர்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை முடிவைக் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதாரக் கிளினிக்கில்) கேட்டு வாங்கி வாருங்கள். 7 சதவீதத்தை ஒட்டி இருந்தால் எங்கள் டாக்டருக்கு முகம் மலரும். 10 என்றால் முதலில் அதைக் குறைத்துவிட்டு வரச் சொல்வார். திருப்பி அனுப்பும் டாக்டரிடம் கோபப்படாதீர்கள். பணத்தை வாங்கிக்கொண்டு உடனே இம்பிளாண்ட் வைத்துவிட அவரால் முடியும், உங்களுக்காகத்தான் மறுக்கிறார்.

சிகரெட்டும் அப்படித்தான், வேப் எனும் மின்சிகரெட்டும் சேர்த்தி. நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும், ரத்தம் வராத இடத்தில் எலும்பு வளராது. குறைந்தது ஒரு வாரம் முன்பும் எட்டு வாரம் பின்பும் தொடக்கூடாது என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. அடியோடு விட்டால் இன்னும் நல்லது.

வயதான அம்மாக்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியோ போடுகிறீர்களா? அலென்ட்ரோனேட், டெனோசுமாப் போன்ற மருந்துகளால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பலர் சொல்வதே இல்லை. கட்டாயம் சொல்லுங்கள். அதேநேரம் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், முக்கியமாக அந்த ஊசியை நிறுத்தினால் முதுகெலும்பு முறியும் அபாயம் இருக்கிறது. இரண்டு டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

தூக்கத்தில் பல் கடிப்பவர்கள் இரவில் காப்புத்தகடு போட வேண்டும். கேப் ஆடினால் பயந்து வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். பல நேரம் உள்ளே இருக்கும் சின்ன ஸ்குரூ தளர்ந்திருக்கும், இறுக்கினால் முடிந்தது. தள்ளிப்போட்டால் அதுவே உடையும். கேப்பை ஒட்டிய சிமெண்ட் ஈற்றுக்கடியில் மிஞ்சியிருந்தாலும் ஈறு புண்ணாகும், எக்ஸ்ரேயில் பார்க்கச் சொல்லலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது தினமும் பல்லிடுக்கு பிரஷ். சரியான அளவைக் கிளினிக்கிலேயே பொருத்திப் பார்த்து வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து சுத்தம் செய்துகொள்ளுங்கள், முன்பு ஈறு நோயால் பல் இழந்தவர் என்றால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. ஒரு பல்லுக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தவர்கள் இந்தச் சில நூறு வெள்ளிக்கு யோசிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

வைப்பதற்கு முன் அந்த டாக்டர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா, இந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். வைத்த பிறகு இம்பிளாண்டின் கம்பெனி, அளவு, தொகுதி எண் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஸ்குரூ வேறு, திருகும் கருவி வேறு. நாளைக்கு நீங்கள் பிள்ளைகளோடு சிங்கப்பூருக்குப் போய்விட்டால், அங்குள்ள டாக்டர் எதை வைத்துத் திறப்பது என்று தெரியாமல் தவிப்பார். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து மகளுக்கும் அனுப்பி வையுங்கள்.