வால்நுனி எங்கே?

பினாங்கு குளுகோரில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் சீப்ராஃபிஷ் வளர்க்கிறோம். விரல் நீளம்கூட இல்லாத மீன். புதுத் தொட்டியில் விட்டதும் அடியில் போய்ப் பதுங்கும். பயம் தெளியத் தெளிய மேலே வரும். மருந்து கொடுத்த மீன் சீக்கிரம் மேலே வருகிறதா என்று பார்ப்போம். சோதனை வழக்கமாக 6 நிமிடம். முன்பெல்லாம் ஒருவர் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து வீடியோவைப் பார்த்து எழுதுவார். எங்கள் கேமரா நொடிக்கு 30 படம் எடுக்கிறது. ஒரு மீனுக்கே 10,800 படம், கண்ணால் பார்த்துத் தீராது.

அதற்குத்தான் டீப்லேப்கட், 2018இல் அறிமுகமான இலவச மென்பொருள். சில படங்களில் மூக்கு, கண், வால்நுனி என்று நாம் புள்ளி வைத்துக் காட்டினால், மிச்சத்தில் அதுவே கண்டுபிடிக்கும். அதற்குள் இருப்பது ஏற்கெனவே லட்சக்கணக்கான படங்களில் பழகிய நியூரல் நெட்வொர்க் (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்கும் கணினி நிரல்) என்பதால், சுமார் 200 படம் போதும் என்று அதை உருவாக்கியவர்களே காட்டினார்கள்.

"அப்ப அந்த 200ஐ பார்ட் டைம் ஆளுங்ககிட்ட குடுத்துடலாமே அண்ணா?" என்று கேட்டான், சுங்கை பட்டாணியிலிருந்து புதிதாகச் சேர்ந்த தம்பி.

கூடாது என்றேன். மீன் சட்டென்று திரும்பும்போது வால் மங்கலாக இழுபட்டுத் தெரியும். நுனி அந்த மங்கலின் நடுவிலா, ஓரத்திலா? ஆளுக்கு ஓர் இடத்தில் வைத்தால் கணினி இரண்டையும் கற்றுக்கொண்டு தடுமாறும். வரைபடத்தில் வால் நடுங்குவது போல வரும். அதை மருந்தின் விளைவு என்று எழுதிவிட்டால் என்ன ஆவது? மீனோடு பழகிய ஆள்தான் புள்ளி வைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அதனால் இருவரும் சேர்ந்தே உட்கார்ந்தோம். தெரியாத நுனிக்குப் புள்ளியே வேண்டாம் என்று முடிவு செய்தோம். நடுத்தொட்டியில் அழகாக நீந்தும் படங்களையே எடுக்காமல், மூலையில் ஒட்டி நிற்பது, நீர்மட்டத்தின் அடியில் அதன் பிம்பம் தலைகீழாகத் தெரிவது, இதையெல்லாம் தேடிச் சேர்த்தோம். பிம்பத்துக்குப் புள்ளி கிடையாது. இப்படி ஒவ்வொரு படமாகப் பார்த்ததில்தான், திரும்புவதற்கு முன் மீன் உடலை எப்படி வளைக்கிறது என்பதே தம்பிக்குப் பிடிபட்டது. பார்ட் டைம் ஆளிடம் கொடுத்திருந்தால் அது போயிருக்கும்.

அப்புறம், ஒரே தொட்டியில் இரண்டு மீன் விடத் தொடங்கியிருக்கிறோம். ஒன்றையொன்று கடக்கும்போது மென்பொருள் சில சமயம் இந்த மீனை அந்த மீன் என்று மாற்றிவிடுகிறது. இப்போதைக்கு அந்த இடங்களை மட்டும் தனியாக எடுத்து, தம்பியும் நானும் கண்ணாலேயே சரிபார்க்கிறோம்.